அம்பு நின்ற இடம்

— நாப்பியைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போ, இல்போ. மேசைக்கு அடியில தலையை விட்டா என் கழுத்தை நக்குது.

— ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கே. நாய்க்காவது சந்தோஷம் இருக்கட்டும். நக்கிட்டுப் போகுது, என்னத்த.

— டார்ச்சை இப்படிக் காட்டு. என் முகத்துல இல்லை, வயர் பக்கம்.

— வயர்ல ஒண்ணும் இல்லை. நான் பார்த்துட்டேன். டவுன் கம்ப்யூட்டர் கடைக்காரரும் பார்த்துட்டார்.

— அவர் என்னதான் சொன்னார்? போன்ல நீ பாதியோட நிறுத்திட்டே.

— உதட்டைப் பிதுக்கினார். எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசா போட்டுத் தரேன்னார். படம், பாட்டு எல்லாம் தனியா எடுத்து வச்சுடலாம், ஒண்ணும் போகாதுன்னு சொன்னார்.

— நீ?

— பெட்டியைத் தூக்கி வண்டியில வச்சுக்கிட்டு வந்துட்டேன். மனுஷன் நல்லவர்தான். வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்து விட்டார்.

— அதுக்கப்புறமும் எனக்குப் போன் பண்ண இத்தனை நாளாச்சா?

— உனக்குப் போன் பண்றதுன்னா சும்மாவா, விர்பி? நம்பரைத் தட்டுவேன், வச்சுடுவேன். பனி வாரற வண்டி ஓட்டறப்போ கூட ஓரமா நிறுத்திட்டுத் தட்டிப் பார்த்திருக்கேன். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான். அந்த சாக்குல வச்சுடுவேன்.

— சரி. அடுத்தது. ஆன் பண்ணு.

— நீலம்தான் வரும்.

— வரட்டும். என் கண்ணால பார்க்கணும்.

— இதோ, பார்த்துக்கோ. நீலமும் அந்த அழுமூஞ்சியும். உங்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு அது வேற சொல்லுது. அதான் தெரியுதே.

— கீழ சின்ன எழுத்துல இருக்கறதைப் படிச்சியா?

— கண்ணாடி சமையல்கட்டுல கிடக்கு.

— ரிஜிஸ்ட்ரி கெட்டுப்போச்சுன்னு இருக்கு.

— அது என்னது, சாமானா?

— சாமான் இல்லை. கம்ப்யூட்டருக்குத் தன்னைப் பத்தித் தெரிஞ்சது எல்லாம் இருக்கற இடம். தன் பேர் என்ன, உள்ள யார் யார் இருக்காங்க, எதை எங்க வச்சோம். எல்லாம் சில ஃபைலுக்குள்ள இருக்கும். அதுல ஒண்ணு கெட்டாலும் எழுந்திருக்காது. இப்படியே நீலத்துல போய் முட்டிக்கிட்டு நிக்கும்.

— அப்போ நம்ம வென்லாவோடது எல்லாம்?

— டிஸ்க்ல பத்திரமா இருக்கு. படம், பாட்டு, ஸ்கூல் கட்டுரை எல்லாம். கடைக்காரர் சொன்னது பொய் இல்லை.

— பின்ன நீ ஏன் ஓவ்லுலேர்ந்து இவ்வளவு தூரம் வந்தே? அழிச்சுப் போடச் சொல்லுன்னு போன்லயே சொல்லியிருக்கலாமே.

— நீ எதுக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தியோ, நானும் அதுக்குத்தான் வந்தேன்.

— கிடக்கட்டும்.

— புதுசா போட்டா சாமான் இருக்கும், அவ ரூம் இருக்காது. சுவத்துல ஒட்டின படம், மூலையில குவிச்சு வச்ச ஐக்கான், அவ தேடிப் பிடிச்ச அந்த அசிங்கமான பச்சைக் கலர். இதெல்லாம் ஒண்ணு கூட வராது. வாடகைக்கு விட்ட வீடு மாதிரி வெள்ளையா இருக்கும்.

— அன்னைக்குக் காலையில அவ திறந்து போட்டுட்டுப் போனதெல்லாம்?

— திறந்திருந்தது மூடியிருக்கும், இல்போ. கரண்ட் போன அன்னைக்கே அது போச்சு. அதைத் திரும்பத் தர எனக்குத் தெரியாது. வச்சது வச்ச இடத்துல இருக்கற மாதிரி கொண்டு வர முடியுமான்னுதான் பார்க்கிறேன்.

— ஸ்கூல் டாக்சி வாசல்ல நிக்குது, இவ இன்னும் இது முன்னாடி உட்கார்ந்திருக்கா. அணைச்சுட்டுப் போடின்னு கீழேர்ந்து நான்தான் கத்தினேன். சாயங்காலம் வந்து அணைக்கறேன்ப்பான்னு சொல்லிட்டு ஓடினா. ரொட்டியைப் பாதியில வச்சுட்டு.

— தெரியும்.

— அந்த டாக்சிக்குக் குறுக்க மான் வந்து பாயும்னு யாருக்குத் தெரியும். நானும் அந்த ரோட்டுலதான் தினமும் வண்டி ஓட்டறேன். மானைப் பார்த்தா திட்டணும்னு நினைப்பேன். வாய் வராது.

— எனக்கு யார் மேலயும் கோவம் வரலை. டிரைவர் மேல, மான் மேல, உன் மேல. வந்தா நல்லா இருக்கும்னு தோணும். வரலை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கு. தட்டிப் பார்த்தா இருக்கறது தெரியுது, வலி தெரியலை.

— அதுக்காக வீட்டை விட்டுப் போகணுமா?

— நீயும் அப்படியேதான் இருந்தே. ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்னுக்கிட்டு, உப்பை எடுங்கறதைத் தவிர ஒண்ணும் பேசலை. அந்தப் பென் டிரைவை எடு. கறுப்புப் பையில, முன்னாடி ஜிப்.

— இதா?

— அது லிப்ஸ்டிக்.

— உன்கிட்ட லிப்ஸ்டிக்கெல்லாம் இருக்கா?

— உதடு வெடிக்காம இருக்கப் போடறது. இந்தப் பக்கம் பாரு, வெள்ளையா இருக்கே, அதுதான்.

— இது என்ன பண்ணும்?

— இதுக்குள்ள ஒரு குட்டி விண்டோஸ் இருக்கு. அதை வச்சு எழுப்பி, உள்ள போய் பார்க்கப் போறேன். வீட்டுக்காரர் மயக்கமா கிடக்கார், நாம ஜன்னல் வழியா இறங்கறோம். அவ்வளவுதான். இந்த யூபிஎஸ் எப்போ வாங்கினே?

— அந்த வாரமே. அடக்கத்துக்கு முந்தின நாள். கரண்ட் போனா இது அணைஞ்சுடுமேன்னு தோணிச்சு. கறுப்புக் கோட்டு வாங்கத்தான் டவுனுக்குப் போனேன், இதை வாங்கிட்டு வந்தேன்.

— பழைய கோட்டோடதான் நின்னே. ஞாபகம் இருக்கு.

— மேலயா இருக்கீங்க? ரெண்டு பேரும்? காபி போட்டு ஆறிக்கிட்டு இருக்கு, நான் பாட்டுக்கு என் வீட்டுலேர்ந்து ரொட்டி வேற சுட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்.

— சிர்க்கு வந்துட்டா.

— பக்கத்து வீட்டுல உன் தங்கச்சி இருந்தா வராமலா இருப்பா. படி ஏறி வா, சிர்க்கு. இங்க எலும்பு ஒண்ணும் உடையலை.

— விர்பி. கீழ உன் கோட்டைப் பார்த்துட்டு யாரோ விருந்தாளின்னு நினைச்சேன். ஓவ்லுக்கும் நம்ம ஊருக்கும் நடுவுல ரோடு இருக்குதான் போல. நான் பாட்டுக்கு ரோட்டை மூடிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

— ரோடு இருக்கு. உங்க அண்ணன்தானே பனி வாரறார்.

— மெலிஞ்சுட்டே. ஏலக்காய் ரொட்டி ஒண்ணு தின்னு. இல்போ, நீ கிளம்பலையா? மூணு மணிக்கே இருட்டிடுச்சு. ஊரே கல்லறைத் தோட்டத்துல நிக்குது.

— இது ஆகட்டும் சிர்க்கு.

— புனிதர் நாள் வருஷத்துல ஒரு நாள்தான். மெழுகுவத்தி கூடுதலாவே வாங்கி வச்சிருக்கேன். அந்த மூடி போட்ட ரகம், காத்துல அணையாது. விர்பி, உனக்கும் ஒண்ணு இருக்கு. வரியா?

— நான் வரலை.

— அதான் தெரியுமே, நான் பாட்டுக்குக் கேட்டேன். போன கிறிஸ்மஸுக்கு வென்லா கல்லு முன்னாடி எங்க வீட்டு மெழுகுவத்தி இருந்துச்சு, அண்ணனோடது இருந்துச்சு, ஸ்கூல் பிள்ளைங்க வச்சது இருந்துச்சு. பக்கத்துக் கல்லுக்கு வந்த பொம்பளை என்னைக் கேட்டா, அம்மாவும் போயிட்டாங்களான்னு. நான் என்ன சொல்லட்டும்?

— போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம்.

— சிர்க்கு, போதும்.

— நான் குத்திக் காட்டலை இல்போ. ஏன் வரலைன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

— அங்க போனா எனக்கு ஒண்ணும் தோணலை, சிர்க்கு. ஊரை விட்டுக் கிளம்பின அன்னைக்கு ஒரு தடவை போனேன். கல்லு. பனி. கல்லுல பேர். என் மகளோட பேர்னு தெரியுது. அவ அங்க இல்லைன்னும் தெரியுது. விரல் விறைச்சுச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு திரும்பிட்டேன்.

— சரி. நான் உன் பேருக்கு ஒண்ணு கொளுத்திடறேன். நீ வச்சதுன்னே இருக்கட்டும். ரொட்டியை நாய்க்குப் போடாதீங்க, சர்க்கரை அதுக்கு ஆகாது. காபியைச் சூடு பண்ணிக் குடிங்க.

— கதவைச் சாத்திட்டுப் போ சிர்க்கு, கீழ குளிர் வருது.

— போயிட்டாளா?

— போயிட்டா. அவ சொன்னதைப் பெருசா எடுத்துக்காதே.

— அவ சொன்னது நிஜம்தானே.

— நிஜம்தான். எனக்கும் உறுத்தும், விர்பி. மறைச்சுப் பிரயோசனம் இல்லை. நீ என்னை விட்டுப் போனது கூட எனக்குப் புரிஞ்சுது. அவ கல்லுக்கு ஒரு மெழுகுவத்தி வைக்க மனசு வரலையேன்னுதான். ரெண்டு வருஷம். ஒரு தடவை கூட அவ பக்கம் எட்டிப் பார்க்கலையேன்னு.

— சரி. அடுத்தது.

— இப்படித்தான் எப்பவும். சரி, அடுத்தது.

— கண்ணாடியைப் போய் எடுத்துட்டு வா.

— எதுக்கு?

— நீ படிக்கணும். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. போய் எடுத்துட்டு வா.

— எடுத்துட்டேன். காபியும் சூடு பண்ணி எடுத்துட்டு வந்திருக்கேன், பிடி. என்ன படிக்கணும்?

— கேட்டுக்கோ. பத்து நாளைக்கு ஒரு தடவை விண்டோஸ் இந்த ரிஜிஸ்ட்ரியைத் தானா ஒரு நகல் எடுத்து இன்னொரு ஃபோல்டர்ல வைக்கும். வைக்கும்னா, முன்னாடி வச்சுக்கிட்டு இருந்துச்சு. நடுவுல ஒரு அப்டேட்ல அந்த வேலையை நிறுத்திட்டாங்க. நிறுத்தினதை யார்கிட்டயும் சத்தமா சொல்லலை. ஃபோல்டர் அப்படியே இருக்கும், ஃபைல் பேரெல்லாம் இருக்கும், உள்ள வெறும் சைபர்.

— பேர் இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காதா?

— இருக்காது. நாங்க, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைச் சரி பண்றவங்க, பழைய ஞாபகத்துல அதை எடுத்து மேல போட்டுடுவோம். மிச்சம் மீதி இருந்ததும் போயிடும். ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரோட மெஷினை நானே அப்படி ஒழிச்சிருக்கேன். அந்தம்மா பொறுமையா நின்னு, பரவாயில்லைன்னாங்க. அன்னைலேர்ந்து முதல்ல அளவைப் பார்ப்பேன், அப்புறம்தான் கையை வைப்பேன்.

— அந்த ஃபோல்டர் எங்க?

— D டிரைவ்ல. இப்போ ஜன்னல் வழியா வந்திருக்கோம் இல்லையா, அதனால நம்ம C, இங்க D-ன்னு தெரியும். பதட்டத்துல நிறைய பேர் தப்பான வீட்டுல புகுந்து துடைச்சுட்டு வருவாங்க. தட்டிட்டேன். எண்டரை நீ அமுக்கு. அமுக்கிட்டு, பேருக்குப் பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லு. சைபரா, நம்பரா?

— அமுக்கிட்டேன்.

— சொல்லு.

— இரு, கண்ணாடியில காபி ஆவி. துடைச்சுக்கறேன்.

— இல்போ.

— நம்பர். நீளமா. எல்லாத்துக்கும் பக்கத்துல நம்பர்தான் இருக்கு. சைபர் ஒண்ணு கூட இல்லை.

— தேதி?

— அணைஞ்சதுக்கு ரெண்டு நாள் முன்னாடி.

— சரி.

— நல்லதா, கெட்டதா? உன் மூஞ்சியில ஒண்ணும் தெரியலை.

— நல்லது. ரொம்ப நல்லது. இதை எடுத்துப் போட்டா எழுந்துடும். சந்தோஷமா இருக்கேன்னு நினைக்கறேன். இந்தக் கப்பை எங்க வைக்கறது?

— அந்தக் கப்பை இப்படிக் குடு, கீ போர்டுல கொட்டிடுவே. ஆனா ஒண்ணு. புதுசுல இந்த நகல் கிடையாதுன்னியே. அப்போ இது பழசா?

— பழசு. அதனாலதான் பிழைச்சுது.

— அது எப்படி? தானாவே புதுப்பிச்சுக்கும், அதை மட்டும் தடுக்காதேன்னு ஊருக்கே பாடம் எடுப்பியே. என் லேப்டாப்புல ஒரு தடவை நிறுத்தினதுக்கு ஒரு மாசம் திட்டினே.

— இதுல நிறுத்தி வச்சிருந்தேன். அப்டேட் ஆனா ரீஸ்டார்ட் ஆகும். ரீஸ்டார்ட் ஆனா அவ திறந்து வச்சதெல்லாம் மூடிடும்.

— நல்ல வேலைதான் பண்ணியிருக்கே. எப்போ நிறுத்தினே? போறதுக்கு முன்னாடியா?

— போனதுக்கு அப்புறம்.

— நீ அப்புறம் இந்த வீட்டுக்கே வரலையே.

— அங்கேர்ந்தே பண்ணேன். ஆஸ்பத்திரி மெஷினுக்கெல்லாம் தூரத்துலேர்ந்து உள்ள போற புரோகிராம் இருக்கு. அதை இதுல போட்டிருந்தேன். வென்லா சின்னவளா இருந்தப்போ எதையாவது கெடுத்து வச்சா, வேலை செய்யற இடத்துலேர்ந்தே சரி பண்ணுவேனே. அது அப்படியே இருந்துச்சு.

— ஒரு தடவை வந்து நிறுத்திட்டுப் போயிட்டியா?

— முதல்ல இதை முடிச்சுக்கறேன். கெட்டதை அழிக்க மாட்டேன். பேரை மாத்தி ஓரமா வைப்பேன். அப்புறம் நகலைக் கொண்டு வந்து அந்த இடத்துல வைப்பேன். நடுவுல பேச்சுக் குடுக்காதே.

— குடுக்கலை.

— ஒண்ணு. இன்னொண்ணு. இதுவும் ஆச்சு. ம். சரி. பென் டிரைவைப் பிடுங்கு. நேரா இழு, ஆட்டாதே.

— ஆச்சு.

— இப்போ ஸ்டார்ட் ஆகட்டும். அது வரைக்கும் நான் ஒண்ணு கேட்கவா?

— கேளு.

— போன்ல கரண்ட் போச்சுன்னே.

— ஆமா. போச்சு.

— யூபிஎஸ்ல பச்சை எரியுது. பேட்டரி முழுசா இருக்கு. கரண்ட் போனா அரை மணி நேரம் தாங்கும். அன்னைக்கு ஊர்ல கரண்ட்டும் போகலை. மின்சாரக் கம்பெனி வெப்சைட்டுல பார்த்துட்டுதான் வந்தேன்.

— நீ வேலை தெரிஞ்சவ. பார்ப்பேன்னு தெரியும்.

— அது டிஸ்க்ல எழுதிக்கிட்டு இருக்கறப்போ வயரைப் பிடுங்கினாத்தான் இப்படிக் கெடும், இல்போ.

— புள்ளி சுத்துது பாரு. நீலம் வரலை.

— வராது. இனிமே வராது.

— அவ பேர் வந்துடுச்சு.

— ம்.

— வென்லான்னு. அந்த முயல் மூஞ்சிப் படத்தோட.

— பார்க்கிறேன்.

— பாஸ்வேர்டு கேட்குதே.

— எனக்குத் தெரியாது. நான் வர்றப்பல்லாம் அவ கணக்கு திறந்தே கிடந்துச்சு, கேட்டதே இல்லை. உடைச்சுப் போகத் தெரியும். அவ பூட்டை உடைக்க வேண்டாம்னு பார்க்கிறேன்.

— நகரு. எனக்குத் தெரியும்.

— உனக்கா?

— அந்தக் கோடையில திடப்படுத்தல் முகாமுக்குப் போனா இல்லை, சர்ச்சுல, அந்த வயசுப் பிள்ளைங்க எல்லாம் போறது. ஒரு வாரம் இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுல அவ தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தற வேலையை என்கிட்ட விட்டுட்டுப் போனா. பாஸ்வேர்டு அப்போ சொன்னது. அம்மாகிட்ட சொல்லாதேன்னா. சொன்னா அம்மா இது பாதுகாப்பே இல்லைன்னு ஒரு மணி நேரம் பேசுவாங்கன்னா.

— பேசியிருப்பேன்.

— நாய் பேரும் ஒரு ஒண்ணும். அவ்வளவுதான்.

— அது பாதுகாப்பே இல்லை.

— அதான் சொன்னா. இதோ, திறந்துடுச்சு.

— பச்சை.

— அதே அசிங்கமான பச்சை.

— எல்லாம் அந்தந்த இடத்துல இருக்கு. மூலையில இருக்கற குப்பை கூட.

— அந்த முள்ளங்கிப் படத்தை அமுக்கட்டுமா? தோட்டம் அதுதானே?

— அமுக்க வேண்டாம்.

— ஏன்? அதைப் பார்க்கத்தானே இவ்வளவும். அமுக்கிட்டேன், வருது பாரு. என்னது இது, எல்லாம் பழுப்பா இருக்கு. பட்டாணி, முள்ளங்கி எல்லாம் காய்ஞ்சு கிடக்கு.

— மூணு வாரமா தண்ணி இல்லை.

— மூணு வாரமா? அவ போய் ரெண்டு வருஷம் ஆகுது, விர்பி. தண்ணி இல்லைன்னா அப்பவே இல்லை காய்ஞ்சிருக்கணும்? ஒரு தடவை மட்டும் வந்துட்டுப் போகலை நீ.

— இல்லை.

— எப்பெப்ப வந்தே?

— தினமும். வேலை முடிஞ்சதும். கோட்டைக் கூடக் கழட்டாம உட்கார்ந்து உள்ள வருவேன். தண்ணி ஊத்துவேன். பழுத்ததைப் பறிப்பேன். விதை போடுவேன். போயிடுவேன். மத்தவங்க மெழுகுவத்தி கொண்டு போறாங்க. நான் இங்க வந்தேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் கன்னத்துல வலி தெரியும்.

— அன்னைக்கு அது நீயா?

— என்னைக்கு?

— நான் இந்த ரூமுக்குள்ள வரமாட்டேன் விர்பி. கதவை ஒருக்களிச்சு வச்சிருப்பேன், கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் கீழ கேட்கும், அது போதும் எனக்கு. அன்னைக்கு வேலை முடிச்சுட்டு வந்தா நாப்பி இந்தக் கதவுகிட்ட உட்கார்ந்து வாலை ஆட்டுது. என்னடான்னு மேல ஏறி வந்தேன். ஸ்கிரீன்ல அம்பு நகருது. யாரும் இல்லை, மவுஸ் அது பாட்டுக்குக் கிடக்கு, அம்பு நகருது. தண்ணிக் குவளையை எடுத்துக்கிட்டு கீழ் மூலையிலேர்ந்து ஆரம்பிச்சு, வளைஞ்சு வளைஞ்சு, பாத்தி பாத்தியா. அவ எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே.

— அவ ஊத்தறதைப் பின்னாடி நின்னு பார்த்திருக்கேன். அதே மாதிரி ஊத்தினேன்.

— எனக்குப் பேய் பிசாசுல நம்பிக்கை இல்லை. உனக்குத் தெரியும். ஆனா வாய் தானா கேட்டுடுச்சு. வென்லா, நீயா கண்ணுன்னு. கேட்டதும் அந்த அம்பு நின்னுடுச்சு. நடுப் பாத்தியில நின்னுடுச்சு, விர்பி. காதுல விழுந்த மாதிரி. நான் மூச்சு விடாம நிக்கறேன், அதுவும் அசையாம நிக்குது. அவளா இருந்தா என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலை. அவ இல்லைன்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் கீழ இறங்கிப் போக என்னால முடியாது. கை அது பாட்டுக்கு வயர் பக்கம் போச்சு. பிடுங்கிட்டேன். அப்புறம் மூணு வாரம் உட்கார்ந்து நினைக்கறேன், அவ பதில் சொல்ல வந்தாளோ, நான் அதுக்குள்ள பிடுங்கிட்டேனோன்னு.

— அழாதே இல்போ.

— அழலை. கண்ணாடி ஆவி. உன்னை ஒண்ணுதான் கேக்கணும். அந்த அம்பு ஏன் நின்னுச்சு? உனக்கு அங்க ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே. சும்மா நிறுத்தினியா, காபி குடிக்க, போன் வந்து, அந்த மாதிரி?

— கேமரா பக்கத்துல மைக் இருக்கு பாரு.

— இதுவா?

— அதைத் திறந்து வச்சிருந்தேன். கீழ நீ பாத்திரம் கழுவற சத்தம் கேட்கும். படியில நாய் ஓடறது கேட்கும். நீ ரேடியோவைத் திட்டறது கேட்கும். தண்ணி ஊத்தி முடிச்சாலும் கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கிட்டு இருப்பேன்.

— அப்போ நான் கேட்டது?

— கேட்டுச்சு.

— கேட்டுட்டுமா பேசாம இருந்தே? நான்தான், விர்பின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தத் தோட்டத்துல பாத்திக்குப் பேர் எழுதற பலகை இருக்கே, அதுலயாவது தட்டியிருக்கலாமே.

— பேசாம இல்லை. பலகையைத் திறந்துட்டேன், தட்டவும் ஆரம்பிச்சுட்டேன். அது இங்க வந்து தெரியறதுக்குள்ள ஸ்கிரீன் போயிடுச்சு.

— அப்போ பதில் வந்துக்கிட்டுதான் இருந்திருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். கிடக்கட்டும், நீதான்னு தெரிஞ்சிருந்தா நான் பிடுங்கியிருக்கவே மாட்டேன், விர்பி.

— நான்தான்னு தட்டலை, இல்போ. ‘ஆமாப்பா’ன்னு தட்டிக்கிட்டு இருந்தேன்.